கண்ணாடிக்குள் பூ எப்படிப் போச்சு?

கே.கே. நகரில் வக்கீல், ஆடிட்டர் என்று வாசலில் போர்டு மாட்டிய பழைய வீடு எதற்குள் நுழைந்தாலும், ஃபைல்களுக்கு நடுவே ஒரு பேப்பர் வெயிட் கண்ணில் படும். தலைக்கு மேலே ஃபேன் சுற்றாமல் வேலை ஓடாத ஊராயிற்றே! ஒரு ஏ4 தாளின் எடை ஏறக்குறைய 5 கிராம். 8 செ.மீ. அகலமுள்ள அரைக்கோளக் கண்ணாடி 335 கிராம் வரும். ஆடிக் காற்றுக்கும் அசையாது.

நமக்குப் பிடித்தது அந்தக் கனமா என்ன? உள்ளே விரிந்திருக்கிற சிவப்புப் பூவும், நடுவில் பளபளக்கிற வெள்ளிக் குமிழியும்தான். “நிஜப் பூவா அங்கிள்?” என்று கேட்காத பிள்ளை இல்லை. கண்ணாடி பாகாக இருக்கும்போது அதன் சூடு 1000 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். நிஜப் பூவை உள்ளே வைத்தால் சாம்பல்தான் மிஞ்சும்.

பூ வைக்க ஓர் எளிய வழி உண்டு. இரும்புக் கம்பியின் முனையில் கண்ணாடிப் பாகை எடுத்து, தட்டில் பரப்பிய வண்ணக் கண்ணாடித் தூள்மேல் அழுத்துவார்கள். ஒட்டிய தூள் உருகியதும், கூரான கம்பியால் நடுவில் ஒரு குத்து! வண்ணமும் கம்பியோடு உள்ளே இறங்கி இதழாகக் குவியும். அதன்மேல் இன்னொரு சுற்றுப் பாகு ஏற்றினால், குத்திய குழியில் காற்று மாட்டிக்கொண்டு குமிழியாகிவிடும். அந்த ‘வெள்ளி’யில் வெள்ளி துளியும் கிடையாது. கண்ணாடியிலிருந்து காற்றுக்குள் போகப் பார்க்கும் ஒளி, சுமார் 42 டிகிரிக்கு மேல் சாய்ந்து வந்தால் முழுவதும் திரும்பிவிடும். உங்கள் பாடப் புத்தகத்தில் வரும் முழு அக எதிரொளிப்பு இதுதான்.

இதைவிடக் கெட்டிக்கார வேலையும் இருக்கிறது. வெனிஸ்காரர் பியத்ரோ பிகாலியா 1845இல் வியன்னா கண்காட்சியில் வைத்த பேப்பர் வெயிட்டுகளுக்குள் குட்டிக் குட்டி வண்ண வடிவங்கள் நெருக்கியடித்து நின்றன. அதே காலத்தில் பிரான்சின் பக்காரா, சாங் லூயி, கிளிஷி தொழிற்சாலைகளும் இதில் இறங்கின. சேகரிப்பவர்கள் இன்றும் தேடி அலைவது அந்தக் காலத்து உருண்டைகளைத்தான்.

அவ்வளவு சின்னப் பூவை யார் வரைந்தார்கள்? யாரும் வரையவில்லை. சவ்வு மிட்டாய்க்காரர் இழுப்பதைப் பார்த்திருப்பீர்களே! எவ்வளவு இழுத்தாலும் ரோஸ் கோடு ரோஸாகவே, மஞ்சள் கோடு மஞ்சளாகவே இருக்கும், மெலியும், கலக்காது. கெட்டியான கண்ணாடிப் பாகும் அப்படியே. 5 செ.மீ. தடிமனும் 10 செ.மீ. நீளமும் உள்ள கட்டியில் பூ வடிவத்தை அமைத்து, தடிமன் 5 மி.மீ. ஆகும்வரை இழுத்தால், நீளம் 10 மீட்டர் ஆகிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: தடிமன் பத்தில் ஒன்று, நீளம் நூறு மடங்கு. அந்தக் குச்சியை எங்கே வெட்டினாலும் வெட்டுமுகத்தில் அதே பூ!

கண்ணாடியை இழுக்கும் இந்த வித்தை நம் கடற்கரைக்குப் புதிதல்ல. புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். அந்த ஊர் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடி மணிகளுக்குப் பேர்போனது. நடுவில் ஓட்டையுள்ள பாகை நீளமான குழாயாக இழுத்து, நறுக்கி, மறுபடி சூடாக்கி முனையை மழுக்குவார்கள். குழாய் மெலியும்போது ஓட்டையும் கூடவே மெலியும். ஊசியால் துளைக்கும் வேலையே இல்லை. எனக்கு பிரெஞ்சு உருண்டைகளைவிட இந்தக் கடுகு மணிகள்மேல்தான் மதிப்பு அதிகம்.

பேப்பர் வெயிட்டைச் செய்த கையோடு வெளியே வைத்தால் விரிசல் விடும். மேல்பக்கம் முதலில் ஆறி இறுகிவிடும், உள்ளே இருப்பது பிறகு சுருங்கப் பார்க்கும், இழுபறிதான். அதனால் 500 டிகிரியை ஒட்டிய உலையில் வைத்து மெல்ல மெல்ல ஆற்றுவார்கள். பூவின் கண்ணாடியும் சுற்றியுள்ள கண்ணாடியும் ஒரே அளவு சுருங்காவிட்டால், எத்தனை மெதுவாக ஆற்றியும் பயனில்லை.

சேர்க்க ஆசையா? கே.கே. நகர் முனுசாமி சாலைப் பக்கம் ஸ்டேஷனரி கடைகளில் கேட்டுப் பாருங்கள். வாங்குமுன் கவிழ்த்துப் பாருங்கள்: அடியில் சொரசொரப்பாக ஒரு வடு இருந்தால், கம்பியிலிருந்து உடைத்தெடுத்த இடம் அது. வழவழப்பாக இருந்தால் யாரோ மெனக்கெட்டுத் தேய்த்திருக்கிறார்கள். தட்டையான அடியுள்ள அரைக்கோளமாக இருந்தால் செய்தித்தாள்மேல் வையுங்கள். நடுவில் எழுத்து ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரியும். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.5 அல்லவா! மெல்லத் தூக்கினால் எழுத்து இன்னும் பெருக்கும், பிறகு கலங்கிவிடும்.

முழு உருண்டை என்றால் ஜன்னலோரம் வேண்டாம். 6 செ.மீ. உருண்டைக்குள் புகும் வெயில், அதன் முதுகிலிருந்து ஒன்றரை செ.மீ. தள்ளிக் குவியும். அங்கே திரைச்சீலை தொங்கினால் பொசுங்கிவிடும். பீரோவில் வெயில் படாத தட்டாகப் பார்த்து வையுங்கள்.