ஒலிக்காத எச்சரிக்கை மணி: பள்ளிப் பேருந்தின் கருவியில் குறை இருந்தால் பொறுப்பு யாருடையது?

மைசூரு: பள்ளிப் பேருந்தில் பிரேக் சரியாகப் பிடிக்காவிட்டால் ஓட்டுநருக்கு அந்த நொடியே தெரிந்துவிடும். என்ஜின் பழுதானால் வண்டி நின்றுவிடும். ஆனால், பின்னோக்கி நகரும்போது ஒலிக்க வேண்டிய மணியோ, புகையை உணர்ந்து அலற வேண்டிய கருவியோ செயலிழந்தால் பேருந்து வழக்கம்போல் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் குறை வெளியே தெரிவது, அந்தக் கருவி தேவைப்படும் ஒரே ஒரு தருணத்தில்தான்.

இத்தகைய குறை ஒரு பேருந்தில் மட்டும் இருந்தால் அது பழுது. ஒரே வகையைச் சேர்ந்த எல்லாப் பேருந்துகளிலும் இருந்தால் அது தயாரிப்புக் குறைபாடு. முதலாவதைச் சரிசெய்ய வேண்டியது பள்ளி நிர்வாகம். இரண்டாவதைச் சரிசெய்ய வேண்டியது தயாரிப்பு நிறுவனம். இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது பெற்றோருக்கும் பள்ளிகளுக்கும் மிகவும் அவசியம்.

விதிகள் என்ன கூறுகின்றன?

மைசூருவில் இயங்கும் பள்ளி வாகனங்கள் மேற்கு (கேஏ-09), கிழக்கு (கேஏ-55) ஆகிய வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களின் பொறுப்பில் வருகின்றன. பள்ளிக் குழந்தைகளை ஏற்றிச் செல்லும் வாகனங்களுக்கான நிபந்தனைகளைக் கர்நாடக அரசு 2012-ஆம் ஆண்டு தனி விதிகளாகவே வகுத்தது. தமிழ்நாட்டிலும் அதே ஆண்டில் பள்ளிப் பேருந்துகளுக்கான சிறப்பு விதிகள் உருவாயின.

தமிழ்நாட்டு விதிகளுக்குப் பின்னால் ஒரு துயரம் உள்ளது. 2012 ஜூலை 25-ஆம் தேதி, சென்னையை அடுத்த தாம்பரம் பகுதியில், பள்ளிப் பேருந்தின் தரைத்தளத்தில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் உயிரிழந்தார். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை விசாரித்தது. அதன் தொடர்ச்சியாகவே சிறப்பு விதிகள் வந்தன.

பத்து ஆண்டுகள் கழித்து, 2022 மார்ச் 28-ஆம் தேதி, சென்னை வளசரவாக்கம் பகுதியில் உள்ள பள்ளி வளாகத்துக்குள்ளேயே பள்ளி வாகனம் மோதி இரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் உயிரிழந்தார். இதையடுத்து, பள்ளிப் பேருந்துகளின் முன்புறமும் பின்புறமும் கேமராக்களும், அருகில் ஆள் இருப்பதை உணர்ந்து ஓட்டுநரை எச்சரிக்கும் சென்சார்களும் பொருத்தப்பட வேண்டும் எனத் தமிழ்நாடு அரசு விதிகளைத் திருத்தியது.

மத்திய அரசும் தன் பங்குக்கு ஒரு நிபந்தனையைச் சேர்த்தது. 2022 ஜனவரி 27-ஆம் தேதி வெளியிடப்பட்ட அறிவிக்கையில், பள்ளிப் பேருந்துகளிலும் தொலைதூரப் பேருந்துகளிலும் பயணிகள் அமரும் பகுதியில் தீ எச்சரிக்கை அமைப்பும் தீத்தடுப்பு அமைப்பும் இருக்க வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கூறியது. தீப்பற்றினால் பயணிகள் வெளியேறக் குறைந்தது மூன்று நிமிடங்கள் கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். அந்த மூன்று நிமிடங்களும் எச்சரிக்கை மணி சரியான நேரத்தில் ஒலிப்பதைப் பொறுத்தவை.

'திரும்பப் பெறுதல்' என்றால் என்ன?

வாகனத்தில் பாதுகாப்புக் குறைபாடு இருப்பது தெரியவந்தால், விற்ற வாகனங்களைத் தயாரிப்பு நிறுவனம் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்து கொடுப்பதே 'திரும்பப் பெறுதல்'. பெரும்பாலான நேர்வுகளில் வாகனம் நிரந்தரமாகத் திரும்பச் செல்வதில்லை. குறைபாடுள்ள பாகம் மாற்றப்பட்டவுடன் உரிமையாளரிடமே வந்துவிடும்.

இந்தியாவில் 2012 முதல் வாகனத் தயாரிப்பாளர் சங்கத்தின் தன்னார்வ நெறிமுறை ஒன்று மட்டுமே நடைமுறையில் இருந்தது. 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் இதைச் சட்டக் கடமையாக மாற்றியது. சட்டத்தின் 110ஏ பிரிவின்படி, பயணிகளுக்கோ ஓட்டுநருக்கோ சாலையில் செல்லும் பிறருக்கோ தீங்கு விளைவிக்கக்கூடிய குறைபாடு தெரியவந்தால், அந்த வகை வாகனங்களைத் திரும்பப் பெறுமாறு மத்திய அரசு உத்தரவிடலாம். குறைபாடு ஒரு குறிப்பிட்ட பாகத்தில் இருந்தால், அந்தப் பாகம் பொருத்தப்பட்ட எல்லா வாகனங்களையும், அவை எந்த வகையாக இருந்தாலும், திரும்பப் பெறச் செய்யலாம்.

இதற்கான விரிவான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அரசு உத்தரவின் பேரில் கட்டாயமாகத் திரும்பப் பெற நேர்ந்தால், வாகனத்தின் வகையையும் எண்ணிக்கையையும் பொறுத்து 10 இலட்சம் ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கப்படலாம். நிறுவனமே குறைபாட்டைக் கண்டறிந்து அரசுக்குத் தெரிவித்து நடவடிக்கை எடுத்தால் அபராதம் இல்லை. தவறை மறைப்பதைவிட ஒப்புக்கொள்வதே நிறுவனத்துக்கு இலாபம் என்ற நிலையை உருவாக்குவதே இந்த ஏற்பாட்டின் உட்பொருள்.

கார் சந்தையில் இது பழகிப்போன ஒன்று. 2023 ஜனவரியில் காற்றுப்பைக் கட்டுப்பாட்டுக் கருவியில் குறைபாடு இருக்கலாம் என்ற ஐயத்தால் மாருதி சுசுகி நிறுவனம் 17,362 கார்களைத் திரும்ப அழைத்தது. காற்றுப்பையும் எச்சரிக்கை மணியைப் போன்றதே. விபத்து நிகழும் வரை அது வேலை செய்யுமா என்பது உரிமையாளருக்குத் தெரியாது.

சங்கிலி அறுபடும் இடம்

கார் விஷயத்தில் தயாரிப்பாளர், விற்பனையாளர், உரிமையாளர் என்ற சங்கிலி நேரானது. பள்ளிப் பேருந்தில் அவ்வாறு இல்லை. பல பேருந்துகளில் அடிச்சட்டத்தை ஒரு நிறுவனம் தயாரிக்கிறது. உடற்பகுதியை வேறொரு கூடம் கட்டுகிறது. கேமரா, சென்சார், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி போன்றவை பின்னர் கடையில் வாங்கிப் பொருத்தப்படுகின்றன.

தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட பாகம் எந்த அடிச்சட்ட எண் கொண்ட வாகனத்தில் உள்ளது என்பதற்குப் பதிவேடு இருக்கும். கடையில் வாங்கிப் பொருத்திய சென்சார் எந்தப் பேருந்தில் உள்ளது என்பதைத் தயாரிப்பாளர் அறிய வழியில்லை. குறைபாடு தெரியவந்தாலும், கடிதம் அனுப்ப அவரிடம் முகவரி இருக்காது. கருவியின் ரசீதையும் வரிசை எண்ணையும் பள்ளி பாதுகாத்து வைத்திருந்தால் மட்டுமே அந்த இணைப்பு உயிரோடு இருக்கும்.

வாகனத்தின் வயது இன்னொரு தடை. 2021-ஆம் ஆண்டின் விதிகள், தயாரிக்கப்பட்டு ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கே பொருந்தும். அதற்கு மேற்பட்ட வயதுடைய பேருந்துகளுக்குத் தகுதிச் சான்று ஆய்வுதான் முதன்மையான பாதுகாப்பு. போக்குவரத்து வாகனங்களுக்கு எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதன் பின்னர் ஆண்டுதோறும் இந்தச் சான்று புதுப்பிக்கப்படுகிறது. ஆய்வு நாளில் ஒலித்த மணி அடுத்த மாதம் ஒலிக்கும் என்பதற்கு அச்சான்று உத்தரவாதம் அல்ல.

அமெரிக்காவில் எப்படி?

அமெரிக்காவில் பள்ளிப் பேருந்தின் ஒளிரும் எச்சரிக்கை விளக்குகளும், குழந்தைகள் இறங்கும்போது பக்கவாட்டில் விரியும் 'நில்' பலகையும் கூட்டாட்சிப் பாதுகாப்புத் தரங்களுக்கு உட்பட்டவை. குறைபாட்டைக் கண்டறிந்த நிறுவனம் ஐந்து வேலை நாட்களுக்குள் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். திரும்பப் பெறும் அறிவிப்புகள் அனைத்தும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. ஆயினும், அங்கும் அறிவிப்புக் கடிதம் செல்வது பேருந்தின் உரிமையாளருக்கே, பெற்றோருக்கு அல்ல.

பெற்றோரும் பள்ளிகளும் செய்யக்கூடியவை

ஓட்டுநரும் உதவியாளரும் காலையில் புறப்படும் முன், பின்னோக்கி நகரும்போது ஒலிக்கும் மணி, கேமராத் திரை, சென்சார், அவசரகாலக் கதவின் ஒலிப்பான் ஆகியவற்றை ஒருமுறை இயக்கிப் பார்த்துக் குறிப்பேட்டில் பதிவு செய்யலாம். இதற்குச் சில நிமிடங்களே ஆகும். அடிக்கடி தேவையின்றி ஒலிக்கிறது என்பதற்காக மணியின் இணைப்பைத் துண்டிப்பது ஆபத்தானது. தேவையின்றி ஒலிப்பதும் ஒரு குறைபாடே. அதையும் புகாராக அளிக்க வேண்டும்.

ஒரே வகைப் பேருந்துகளில் ஒரே கோளாறு மீண்டும் மீண்டும் தோன்றினால், பணிமனையில் சரிசெய்வதோடு நிறுத்திவிடக் கூடாது. மத்திய அரசின் வாகன் இணையதளத்தில் உள்ள திரும்பப் பெறுதல் பிரிவில் உரிமையாளர்கள் புகாரைப் பதிவு செய்யலாம். விற்பனை எண்ணிக்கையில் குறிப்பிட்ட விழுக்காட்டினர் புகார் அளிப்பதும் விசாரணைக்கு வழிவகுக்கும் என்பதால், பதிவாகாத ஒவ்வொரு புகாரும் மற்றொரு பள்ளியின் குழந்தைகளையும் பாதிக்கிறது.

பெற்றோர் பள்ளியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. பேருந்தின் தகுதிச் சான்று எந்தத் தேதி வரை செல்லும்? அந்த வகை வாகனத்துக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதேனும் வந்துள்ளதா? எச்சரிக்கைக் கருவிகள் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டன? இவற்றில் மூன்றாவது கேள்விக்கு மைசூருவிலும் சென்னையிலும் பள்ளி நிர்வாகம் அன்றைய தேதியையே பதிலாகக் கூற முடிய வேண்டும்.