பழைய எண்ணெயோடு புதிய எண்ணெய் கலக்கலாமா?



இவ்வருடப் பொங்கல் விழா முடிந்து மண்டபத்தைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தபோது சமையலறையில் ஒரு சிறு விவாதம். வடை சுட்ட தாச்சியில் நாலைந்து லீற்றர் எண்ணெய் மிஞ்சியிருந்தது. ஒருவர் அதனைக் கழித்துவிடச் சொன்னார். வடை சுட்ட அக்கா விடவில்லை. "டொக்டர் தம்பி, நீங்கள் சொல்லுங்கோ. அரைவாசிக்குப் புது எண்ணெய் விட்டுக் கலந்து வைத்தால் பழுதாகாதுதானே? அடுத்த விழாவுக்கு உதவும்" என்றார்.

அக்கேள்விக்குப் பின்னால் உள்ள மனதை நான் அறிவேன். 1990களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தவர்களுக்கு எண்ணெயை வெளியே ஊற்றக் கை வராது. இங்கே இங்கிலாந்தில் என்னுடன் வாழும் என் அம்மாவும் பொரித்த எண்ணெயை வடித்து வைத்து, குறையக் குறையப் புதிதை விட்டு நிரப்புபவர்தான். ஆயினும் அக்காவுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "புதியது பழையதைத் திருத்தாது அக்கா. பழையதுதான் புதியதைக் கெடுக்கும்." அதற்கான காரணத்தை இங்கே விளக்குகிறேன்.

எண்ணெய் ஒரு கலவை

எந்தச் சமையல் எண்ணெயும் பல கொழுப்பமிலங்களின் கலவையாகும். இவற்றுள் இரட்டைப் பிணைப்பு உள்ளவற்றை நிரம்பாத கொழுப்பமிலங்கள் என்கிறோம். ஒலெயிக் அமிலத்தில் ஒன்று, லினோலெயிக் அமிலத்தில் இரண்டு, லினோலெனிக் அமிலத்தில் மூன்று இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. மீனெண்ணெயில் ஐந்தும் ஆறும் உள்ளவை இருக்கின்றன.

இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே இருக்கும் ஐதரசன் இலகுவில் கழன்றுவிடும். அது கழன்ற இடத்தில் காற்றிலுள்ள ஒட்சிசன் வந்து ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஒலெயிக் அமிலத்தைவிட லினோலெயிக் பத்து மடங்குக்கும் மேலான வேகத்தில் ஒட்சியேறும். லினோலெனிக் அதைவிடவும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம்.

ஒட்சிசன் ஒட்டிய மூலக்கூறு சும்மா இருப்பதில்லை. பக்கத்து மூலக்கூறின் ஐதரசனைப் பறித்துத் தான் பரவொட்சைட்டு ஆகிவிடும். பறிகொடுத்தது அடுத்ததைத் தாக்கும். இது ஒரு சங்கிலித் தாக்கம். கலவையில் முதலில் கெடுவது மிகப் பலவீனமான அமிலம். ஆனால் அது தொடக்கிவைத்த சங்கிலி, தனியே இருந்தால் நெடுநாள் தாங்கக்கூடிய ஒலெயிக் அமிலத்தையும் இழுத்துக்கொண்டு போகும்.

பாலில் ஒரு கரண்டி மோர் விட்டால் மோர் பாலாவதில்லை, பால்தான் உறைகிறது. பழைய எண்ணெயில் சேர்ந்திருக்கும் பரவொட்சைட்டுகள் அந்த உறைமோர் போன்றவை. சூடேறியதும் அவை உடைந்து புதிய சங்கிலிகளைத் தொடக்கிவிடும்.

மூக்கை மட்டும் நம்பலாமா?

1820ஆம் ஆண்டு சுவிஸ் நாட்டு அறிஞர் தியோடோர் ட சோசூர் வால்நட் எண்ணெயை நீரின்மேல் படரவிட்டு, அது எவ்வளவு காற்றை உறிஞ்சுகிறது என்று அளந்தார். முதல் எட்டு மாதங்களில் அது தன் பருமனைப்போல் மூன்று மடங்கு காற்றையே உறிஞ்சியது. அடுத்த பத்தே நாட்களில் அறுபது மடங்குக்கும் மேல் உறிஞ்சியது!

எண்ணெயிலுள்ள விற்றமின் ஈ போன்ற தடுப்பிகள் சங்கிலிகளை அறுத்துக்கொண்டிருக்கும்வரை மாற்றம் மெதுவாகவே நடக்கும். அவை தீர்ந்ததும் வேகம் பிடிக்கும். நமக்குக் காறல் மணம் வருவது, பரவொட்சைட்டுகள் உடைந்து அல்டிகைட்டுகள் உண்டான பிறகே. மணக்கவில்லை என்பதால் எண்ணெய் புதிதாகவே இருக்கிறது என்று எண்ணக்கூடாது.

நல்லெண்ணெயில் லினோலெயிக் அமிலம் சுமார் 40 சதவீதம் இருந்தும் அது நெடுநாள் தாங்குவதற்குக் காரணம், எள்ளிலுள்ள செசமோல் போன்ற இயற்கைத் தடுப்பிகளே.

உடலுக்கு என்ன?

ஒரு நாள் ஒரு வடை தின்றதால் வருத்தம் வந்துவிடாது. ஆனால் இவ்வல்டிகைட்டுகளிற் சில உடலின் புரதங்களோடு பிணைந்து அவற்றைப் பழுதாக்கக்கூடியவை. உயர் வெப்பத்தில் பொரிக்கும்போது எழும் புகையையும், மனிதரில் புற்றுநோயை உண்டாக்க அநேகமாக ஏதுவானது என்ற பிரிவில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வைத்துள்ளது. குளிருக்குப் பயந்து யன்னலைப் பூட்டிவிட்டுப் பொரிக்காதீர்கள்.

இதைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெயே நல்லது" என்று முடிவுகட்டவும் வேண்டாம். அதில் 90 சதவீதமளவு நிரம்பிய கொழுப்பு என்பதால் ஒட்சியேற்றம் குறைவு என்பது உண்மையே. ஆனால் அது கெட்ட கொலஸ்ரரோலைக் கூட்டும். நீரிழிவும் மாரடைப்பும் மிகுந்த எமது சமூகத்துக்கு நிரம்பாத கொழுப்பே உகந்தது. அதைப் புதிதாகப் பாவிக்க வேண்டும், அவ்வளவுதான்.

செய்யவேண்டியவை

• மாதமொரு முறை பொரிப்பவர் 20 லீற்றர் கலன் வாங்கவேண்டாம். சிறு போத்தலே இலாபம்.

• போத்தலை அடுப்பருகிலும் யன்னலோரத்திலும் வைக்காதீர்கள். சூடும் வெளிச்சமும் ஒட்சியேற்றத்தை விரைவுபடுத்தும். மூடியை இறுக்கமாக மூடுங்கள்.

• பொரித்த எண்ணெயை இரும்புத் தாச்சியிலேயே விட்டுவைக்காதீர்கள். இரும்பும் செம்பும் இத்தாக்கத்தைத் தூண்டும்.

• அளவாக விட்டுப் பொரியுங்கள். மிஞ்சியதை வடித்து, குளிரான இடத்தில் வைத்து, சில நாட்களுக்குள் தாளிக்கவோ வதக்கவோ பாவித்து முடியுங்கள். நிறம் கறுத்தால், நுரைத்தால், விரைவில் புகைத்தால் கழித்துவிடுங்கள்.

• கழிக்கும் எண்ணெயைக் குழாய்த் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள். ஆறவிட்டுப் போத்தலில் அடைத்து அகற்றுங்கள்.

• மீனெண்ணெய்க் குளிசை வைத்திருப்பவர்கள் ஒன்றை வெட்டி மணந்து பாருங்கள். காறல் மணந்தால் எறிந்துவிடுங்கள்.

அம்மாவின் எண்ணெய்ச் சட்டியை நான் எடுத்து எறியவில்லை. சின்னத் தாச்சி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இப்போது கால் பங்கு எண்ணெயில் பொரிக்கிறார். மிஞ்சுவது மறுநாள் கறிக்குச் சரியாகிவிடுகிறது. வீணாக்கக்கூடாது என்ற அவருடைய கொள்கையும் காப்பாற்றப்பட்டது, பேரப்பிள்ளைகளின் வயிறும் காப்பாற்றப்பட்டது. அடுத்த பொங்கலுக்கு எமது சங்கத்துக்கும் இதையே சிபாரிசு செய்கிறேன்.