உங்களுக்குத் தெரியுமா? சிக்னலுக்குப் படியளப்பது யார்?

சிக்னல் என்ற செய்திப் பரிமாற்றச் செயலியில் விளம்பரமும் இல்லை, செய்தி அனுப்பக் கட்டணமும் இல்லை. பணம் எங்கிருந்து வருகிறது? 2018-இல் இதற்கென லாப நோக்கமற்ற அறக்கட்டளை ஒன்று அமெரிக்காவில் தொடங்கியபோது 5 கோடி டாலர் கொடுத்தவர் பிரையன் ஆக்டன். வாட்ஸ்அப்பை உருவாக்கிய இருவரில் ஒருவர். 2014-இல் அதை ஃபேஸ்புக்குக்கு விற்றவர்களில் ஒருவரும் அவரேதான்! அங்கே விற்ற பணம் இங்கே போட்டிச் செயலியை வளர்த்தது. பின்னர் 10 கோடி டாலரைத் தாண்டிய அந்தத் தொகை வட்டியில்லாக் கடன். திருப்பித் தர 2068 வரை கெடு.

செலவுக் கணக்குதான் இன்னும் வேடிக்கை. புதிதாகச் சேருகிறவரின் எண்ணைச் சரிபார்க்க ஒரு எஸ்எம்எஸ் போகிறதே, அதற்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 60 லட்சம் டாலர் ஆவதாக 2023-இல் சிக்னலே வெளியிட்டது. சர்வர்களுக்கு ஆன செலவைவிட இது இரு மடங்கு. எஸ்எம்எஸ்ஸுக்கு மாற்றாக வந்த செயலி, தொலைபேசி நிறுவனங்களுக்குக் கட்டும் கப்பம் என்றே இதைச் சொல்லலாம்.

அறக்கட்டளை என்பதால் லாபப் பங்கு கேட்கும் முதலீட்டாளர் யாரும் கிடையாது. ஆனால் ஒரே செல்வந்தரின் கையை எதிர்பார்ப்பதும் ஒருவகைச் சார்புதானே? இதற்கு மாற்றுவழியாக, செயலிக்குள்ளேயே பயனர்கள் சிறு நன்கொடை அனுப்பும் வசதி 2021 முதல் இருக்கிறது.