தோண்டாமலே குழாயின் குறையைக் கண்டறிவது எப்படி?

மாணவர்களே, மலேசியாவில் சுத்திகரித்து அனுப்பப்படும் குடிநீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானது கட்டணக் கணக்கில் சேர்வதே இல்லை. 2022ஆம் ஆண்டில் இது ஏறத்தாழ 37 விழுக்காடு. இதை ‘வருவாய் தராத நீர்’ என்பார்கள். நீர்த் திருட்டும் மீட்டர் கோளாறும் இதில் அடங்கும். ஆனால், பெரும் பகுதி குழாய்க் கசிவுதான்.

பழைய குழாய்களை எல்லாம் மாற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் குழாயை ஒரே நேரத்தில் மாற்றப் பணம் போதாது. மேலும், வயதை மட்டும் வைத்து முடிவு செய்யவும் முடியாது. ஒரே ஆண்டில் புதைத்த இரு குழாய்களில் ஒன்று நன்றாக இருக்கும். அமிலத்தன்மை உள்ள ஈர மண்ணில், கனரக லாரிகள் ஓடும் சாலைக்கு அடியில் கிடக்கும் மற்றொன்று விரிசல் விட்டிருக்கும். எனவே, எதை முதலில் மாற்றுவது என்று அறியச் சோதனை தேவை.

முதல் சோதனை இரவில் நடக்கும். அதிகாலை 2 முதல் 4 மணி வரை பெரும்பாலோர் உறங்குகிறார்கள். அப்போதும் ஒரு குடியிருப்புப் பகுதிக்குள் நிறைய நீர் பாய்ந்தால், அங்கே கசிவு இருக்கலாம்.

அது எந்த இடத்தில்? அழுத்தத்தோடு வெளியேறும் நீர் ஒலி எழுப்பும். அந்த ஒலி குழாய் வழியே இரு பக்கமும் பரவும். 200 மீட்டர் இடைவெளியில் அ, ஆ என இரு உணரிகளைப் பொருத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரும்புக் குழாயில் ஒலியின் வேகம் நொடிக்கு 1,200 மீட்டர் எனக் கொள்வோம். ஒலி, ஆ-வைவிட அ-வை 0.05 நொடி முன்னதாக அடைகிறது.

1,200 × 0.05 = 60 மீட்டர்

அதாவது, கசிவு அ-வைவிட ஆ-விலிருந்து 60 மீட்டர் கூடுதல் தொலைவில் உள்ளது. அப்படியானால் அ-விலிருந்து 70 மீட்டர், ஆ-விலிருந்து 130 மீட்டர். அங்கே மட்டும் தோண்டினால் போதும்! பிளாஸ்டிக் குழாய் ஒலியை விரைவில் மங்கச் செய்வதால், அதில் உணரிகளை நெருக்கமாக வைக்க வேண்டும்.

கழிவுநீர்க் குழாய்க்கு இந்த முறை பொருந்தாது. அதில் கழிவுநீர் பெரும்பாலும் புவியீர்ப்பால், அழுத்தமின்றி ஓடுகிறது. எனவே, சக்கரம் பூட்டிய கேமராவை உள்ளே அனுப்பிப் பார்ப்பார்கள். கான்கிரீட் குழாயில் மேற்கூரையை உற்று நோக்குவார்கள். காரணம் வேதியியல். அடியில் வாழும் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும். அது மேலெழும்பும். ஈரமான கூரையில் வேறு வகை பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக மாற்றும். அமிலம் கான்கிரீட்டை அரிக்கும். குழாய் உடைந்தால் சுற்றியுள்ள மண் உள்ளே சரிந்து, மேலே சாலையே உள்வாங்கக்கூடும்.

முதல் சோதனையை வீட்டிலும் செய்யலாம். இன்றிரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, நீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். யாரும் தண்ணீர் பயன்படுத்தாமல் ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண் கூடியிருந்தால், உங்கள் வீட்டிலேயே எங்கோ கசிகிறது. பெற்றோரிடம் உடனே சொல்லுங்கள்.