நாற்பது வீரர்கள், ஒரே சேறு

வாட்டர்லூ போரை டேபிள்ல விளையாட ஆசைப்பட்டு, 28 மில்லிமீட்டர் பிரிட்டிஷ் வீரர்கள் நாற்பது பேரை வாங்கி, அஞ்சு பேரோட பெயின்ட்டை மூடி வெச்சவங்களுக்குத்தான் இந்த எபிசோடு.

ஒவ்வொருத்தரா முடிக்கப் பார்த்தா சலிச்சிடும். பத்துப் பத்தாப் பிரிங்க. முதல்ல பிரைமர். அப்புறம் பத்துப் பேருக்கும் சிவப்புக் கோட்டு, அடுத்து பத்துப் பேருக்கும் சாம்பல் பேன்ட். மேல நீர்த்த பிரவுன் வாஷ் விட்டா, அது மடிப்புகள்ல தேங்கி, தானே நிழல் போட்டுடும். கண்ணு, புருவம் எல்லாம் வேண்டாம்; மூணு அடி தள்ளி நின்னா யாருக்கும் தெரியாது.

மிச்சமான நேரத்தை அவங்க நிக்கிற தட்டுக்கு, அதாவது பேஸுக்குக் கொடுங்க. அழகா பச்சைப் புல்வெளி மட்டும் ஒட்டிடாதீங்க! 1815 ஜூன் 17 ராத்திரி அங்கே கொட்டித் தீர்த்த மழை. மறுநாள் நெப்போலியன் தாக்குதலைத் தாமதமா ஆரம்பிச்சதுக்கு அந்த ஈரத் தரையும் ஒரு காரணம்.

அதனால வெள்ளைப் பசை, மணல், காய்ஞ்சதும் அடர் பிரவுன். தண்ணி தேங்கின மாதிரி காட்ட ஒரு சொட்டு கிளாஸ் வார்னிஷ். அதே பிரவுனை பேன்ட் ஓரத்திலயும் லேசாத் தடவுங்க.

கோட்டுல பிசிறு இருந்தாலும் பரவாயில்ல. எல்லார் கால்லயும் ஒரே சேறு இருந்தா, பொம்மைங்க படையாயிடும்.