சொன்ன பேச்சைக் கேட்காத மணி

‘நாய் வாலை நிமிர்த்த முடியாது’ என்று நம் ஊரில் ஒரு பழமொழி சொல்வார்கள். வாலை நிமிர்த்த முடியாதுதான். ஆனால் நாயைப் பழக்க முடியுமா, முடியாதா? இதைப் பற்றி நாம் தெரிந்துகொள்வோம்.

எங்கள் வீடு சித்தூரில் இருக்கிறது. இங்கே பல வீடுகளில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அம்மாவும் பாட்டியும் தமிழ் பேசுவார்கள். அண்ணி திருப்பதிப் பக்கத்து ஊர். அவர் தெலுங்கு பேசுவார். அண்ணன் மகள் பள்ளியில் படித்த ஆங்கிலத்தையும் சேர்த்துக்கொள்வாள்.

எங்கள் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. அதன் பெயர் மணி. அது நாட்டு நாய். மழையில் நனைந்து தெருவோரம் கிடந்த குட்டியை அண்ணன் தூக்கி வந்தார். குட்டியாக இருந்தபோது அது செய்த குறும்பைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம். ஒரு வயது ஆனபோது சிரிப்பு போய்விட்டது. கூப்பிட்டால் வராது. உட்காரச் சொன்னால் நிற்கும். சாப்பிடும்போது எதிரே நின்று குரைக்கும்.

ஒரு நாள் மாலை வெளிக்கதவு திறந்து கிடந்தது. பக்கத்து வீட்டுப் பையன் பந்தை எடுக்க ஓடினான். மணி அவன் பின்னால் பாய்ந்தது. "மணி, வா! மணி, வா!" என்று அண்ணன் கத்தினார். மணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பையனின் காலில் பல் பட்டுவிட்டது. இரத்தம் வந்தது.

கடி பட்டால் முதலில் என்ன செய்வது?

அன்று பாட்டி மஞ்சள் தூளை எடுத்து வந்தார். அண்ணி தடுத்துவிட்டார். காயத்தில் மஞ்சள், மிளகாய்த் தூள், சுண்ணாம்பு எதையும் வைக்கக்கூடாது.

குழாயைத் திறந்து, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடுவார்கள். மருத்துவர் சொல்லும் நாள்களில் எல்லா ஊசிகளையும் போட்டுக்கொள்ள வேண்டும். காயம் ஆறிவிட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது.

வெறிநோய் வெளியே தெரிந்த பிறகு பிழைப்பது மிகமிக அரிது. ஆனால் கடித்த உடனே கழுவி, ஊசி போட்டுக்கொண்டால் நோய் வராமல் தடுக்கலாம். பிரான்சு நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1885-ல் ஒரு சிறுவனுக்கு இந்தத் தடுப்பு மருந்தை முதன்முதலில் கொடுத்தார். அந்தச் சிறுவன் பிழைத்துக்கொண்டான்.

பக்கத்து வீட்டுப் பையனையும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். ஊசி போட்டார்கள். அவன் நன்றாக இருக்கிறான்.

மணியை என்ன செய்வது?

அன்று இரவு வீட்டில் சண்டை. பக்கத்து வீட்டு அக்கா, "நாளைக்கு என் பிள்ளையின் முகத்தைக் கடித்தால் யார் பதில் சொல்வது?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறு இல்லை.

"காலையில் வண்டியில் ஏற்றி, திருப்பதி ரோட்டில் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன்" என்றார் அண்ணன்.

"ஏங்க, அங்கே இருப்பதும் பிள்ளைகள்தானே? நம் வீட்டுப் பிள்ளையைக் கடிக்காமல் வேறு வீட்டுப் பிள்ளையைக் கடிக்கட்டும் என்று விடுவதா?" என்று அண்ணி கேட்டார்.

அண்ணன் பேசவில்லை.

வளர்த்த நாயைத் தெருவில் கொண்டுபோய் விடுவது சரியான வழி அல்ல. அது குற்றமும்கூட. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இதைச் சொல்கிறது. நாயை எப்போதும் சங்கிலியில் கட்டியே வைத்து, நடக்க விடாமல் இருப்பதும் அந்தச் சட்டப்படி குற்றம்.

மறுநாள் மணியை அரசு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம்.

பிடிவாதமா, நோயா?

மருத்துவர் முதலில் மணியின் காதைப் பார்த்தார். பிறகு பல்லையும் காலையும் பார்த்தார். எதற்கு என்று கேட்டோம்.

"காதில் சீழ் இருந்தால் கூப்பிடுவது சரியாகக் கேட்காது. இடுப்பிலோ காலிலோ வலி இருந்தால் உட்காராது. நாம் அதைப் பிடிவாதம் என்று நினைத்துக்கொள்வோம்" என்றார்.

மணிக்கு நோய் எதுவும் இல்லை. தடுப்பூசியும் போட்டிருந்தோம். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். பிறகு மருத்துவர் சொல்கிறபடி ஆண்டுதோறும் போட வேண்டும்.

அடுத்து அவர் ஒரு கேள்வி கேட்டார். "உட்கார வைக்க வீட்டில் என்ன சொல்வீர்கள்?"

"உட்காரு" என்றார் அண்ணன். "கூர்ச்சோ" என்றார் அண்ணி. "சிட்" என்றாள் அண்ணன் மகள். பாட்டி "குந்து" என்பார் என்று நான் சொன்னேன்.

மருத்துவர் சிரித்துவிட்டார். "நான்கு பேர், நான்கு சொல். பாவம், அது எதைக் கேட்கும்?"

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. மணி எங்கள் பேச்சைக் கேட்காமல் இல்லை. நாங்கள் அதற்குப் புரிகிற மாதிரி பேசவில்லை.

நாய் எப்படிக் கற்றுக்கொள்கிறது?

நாய்க்கு நம் மொழி தெரியாது. ஒரு சத்தத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று அது கவனிக்கும்.

ரஷ்ய நாட்டு விஞ்ஞானி பாவ்லவ் நாய்களின் செரிமானத்தை ஆராய்ந்தார். அதற்காக 1904-ல் நோபல் பரிசு பெற்றார். அவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். சாப்பாடு வாயில் படும் முன்பே நாய்க்கு எச்சில் ஊறியது. சாப்பாடு கொண்டுவருகிறவரைப் பார்த்தாலே ஊறியது. இவர் வந்தால் சாப்பாடு வரும் என்று நாய் பழகியிருந்தது.

எங்கள் மணியும் அப்படித்தான். சாப்பாட்டுத் தட்டுச் சத்தம் கேட்டால் கொல்லையில் இருந்து ஓடி வரும். யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. தட்டுச் சத்தம் எப்போதும் ஒன்றுதான். அதன் பிறகு எப்போதும் சோறு வரும். அதனால் பழகிக்கொண்டது.

நாங்கள் செய்த தவறுகள்

முதல் தவறு, ஆளுக்கு ஒரு சொல் சொன்னது.

இரண்டாவது தவறு, கூப்பிட்டு அடித்தது. மணி செருப்பைக் கடித்தால் "மணி, வா" என்று கூப்பிடுவோம். வந்ததும் ஓர் அடி கொடுப்போம். ‘வா’ என்றால் அடி விழும் என்று அது தெரிந்துகொண்டது. பிறகு எப்படி வரும்?

மூன்றாவது தவறு, குரைத்தால் சோறு போட்டது. தொல்லை தாங்காமல் ஒரு கவளம் போடுவோம். குரைத்தால் சோறு கிடைக்கும் என்று நாங்களே சொல்லிக் கொடுத்துவிட்டோம்.

நான்காவது தவறு, நாள் முழுவதும் கட்டி வைத்தது. ஓடாத நாய்க்கு உடம்பில் தெம்பு தேங்கி நிற்கும். அவிழ்த்தவுடன் அது பாயும்.

எப்படிப் பழக்கினோம்?

வீட்டில் எல்லோரும் கூடிப் பேசினோம். ‘வா’, ‘உட்காரு’, ‘இரு’, ‘விடு’ என்ற நான்கு சொற்களை முடிவு செய்தோம். அண்ணியும் அதையே சொன்னார். பாட்டிக்கு மட்டும் ‘குந்து’ என்றே வாயில் வந்தது. நாள் ஆக ஆக அவரும் மாறினார்.

உட்காரப் பழக்குவது சுலபம். இட்லித் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நாயின் மூக்குக்கு மேலே காட்டி, மெல்லத் தலைக்குப் பின்பக்கம் கொண்டுபோங்கள். தலை மேலே போகும்போது பின்பக்கம் தானாகக் கீழே இறங்கும். உட்கார்ந்த உடனே துண்டைக் கொடுங்கள். தாமதித்துக் கொடுத்தால் எதற்குக் கொடுத்தோம் என்று அதற்குத் தெரியாது. நன்றாகப் பழகிய பிறகு தின்பண்டத்தைக் குறைத்து, தட்டிக் கொடுத்தால் போதும். சாக்லேட், வெங்காயம், திராட்சை ஆகியவற்றை நாய்க்குக் கொடுக்கக்கூடாது. அவை அதற்கு நஞ்சு.

‘வா’ என்பதை நீளமான கயிற்றில் கட்டிப் பழக்கினோம். முதலில் வீட்டுக்குள். பிறகு கொல்லையில். கடைசியாகத் தெருவில். வந்த ஒவ்வொரு முறையும் நல்லது ஒன்று கிடைத்தது. தாமதமாக வந்தாலும் அடிக்கவில்லை.

ஒரு நேரத்துக்கு ஐந்து நிமிடம் போதும். ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று வேளை செய்தோம். காலையும் மாலையும் அண்ணன் மணியை வாரில் கட்டி நடக்கக் கூட்டிப் போனார்.

சாப்பிடும்போது குரைத்தால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் சில நாள் முன்பைவிட அதிகமாகக் குரைத்தது. இங்கேதான் பலர் தோற்றுப்போகிறார்கள். அப்போது ஒரு கவளம் போட்டால், இன்னும் சத்தமாகக் குரைக்க வேண்டும் என்றுதான் நாய் கற்றுக்கொள்ளும். நாங்கள் பொறுத்தோம். குரைப்பு குறைந்தது. அமைதியாகப் படுத்திருந்த பிறகுதான் சோறு வைத்தோம்.

நாட்டு நாய்க்குப் பயிற்சி ஏறுமா?

"இது என்ன வெளிநாட்டு நாயா, பழகுவதற்கு?" என்று தெருவில் சிலர் கேட்டார்கள். கர்நாடகத்தில் முதோல் என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊர் நாட்டு இன நாய்களுக்கு 2016-ல் மீரட்டில் உள்ள ராணுவ மையத்தில் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். ராணுவ வேலைக்கே நம் நாட்டு நாய் பழகும்போது, வீட்டு வாசலில் உட்காரப் பழகாதா?

வளர்ந்த நாய் கற்காது என்பதும் தவறு. கெட்ட பழக்கத்தை மாற்றக் கொஞ்சம் கூடுதல் நாள் ஆகும். அவ்வளவுதான். ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்பார்கள். நம் இரவு வகுப்பில் ஐம்பது வயதில் பேனா பிடித்தவர்கள் இல்லையா? ஒரு நாளைக்கு ஓர் எழுத்து என்றுதானே தொடங்கினோம்? யாராவது தலையில் குட்டியிருந்தால் மறுநாள் வகுப்புக்கு வந்திருப்போமா? அன்பும் பொறுமையும் எல்லா உயிருக்கும் வேண்டும்.

இப்போது மணி

இரண்டு மாதம் ஆனது. ஒரு நாள் அண்ணன் மணியை வாரில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். பக்கத்து வீட்டுப் பையன் ஓடினான். மணியின் காது நிமிர்ந்தது. ஓர் அடி முன்னே வைத்தது.

"மணி, வா" என்றார் அண்ணன். ஒரே ஒரு முறை, சாதாரணக் குரலில்.

மணி திரும்பியது. அண்ணன் காலடியில் வந்து உட்கார்ந்தது.

பக்கத்து வீட்டு அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இன்னும் பயம் முழுவதும் போகவில்லை. போக வேண்டும் என்று நாம் கேட்கவும் முடியாது. அதனால் வெளிக்கதவை இப்போதும் தாழ்ப்பாள் போட்டே வைக்கிறோம். மணி வாரில் கட்டாமல் தெருவுக்குப் போவதில்லை. பழக்கிய நாயாக இருந்தாலும் சிறு பிள்ளைகளோடு அதைத் தனியே விடக்கூடாது.

அடிக்கடி கடிக்கிற நாய், உறுமிக்கொண்டே இருக்கிற நாய் இவற்றை நாமே பழக்கப் பார்க்கக் கூடாது. கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். திருப்பதியில் 2005-ல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் மருத்துவமனையும் உண்டு.

நினைவில் வைப்போம்

வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும்.
சொன்னதைச் செய்த உடனே பாராட்ட வேண்டும்.
கூப்பிட்டு அடிக்கக் கூடாது.
தினமும் நடக்கக் கூட்டிப் போக வேண்டும்.
தடுப்பூசி தவறக் கூடாது.
கடி பட்டால் சோப்பும் தண்ணீரும் 15 நிமிடம். உடனே மருத்துவமனை.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் வீட்டு நாயை எத்தனை விதமாகக் கூப்பிடுகிறீர்கள்?
2. அண்ணனிடம் அண்ணி கேட்ட கேள்விக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?
3. உங்கள் ஊரில் நாய்க்குத் தடுப்பூசி எங்கே போடுகிறார்கள்? கேட்டு எழுதி வாருங்கள்.