கண்ணும் கையும் கடிகாரமும்

வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையை அறியாத நெசவாளர் நம்மில் அரியர். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் அச்சாலையோர மரநிழலில் வண்டியை நிறுத்தி நோயாளிகளைக் கண்டு வந்தார். 1900ஆம் ஆண்டில் ஒரே படுக்கையுடன் அவர் தொடங்கிய பணியே இன்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்துள்ளது. இன்று 108 என்று அழைத்தால் ஊர்தி வரும். ஆயினும் அது வந்து சேரும் வரையுள்ள நிமிடங்கள் அருகிலிருப்போர் பொறுப்பேயாகும். அந்நேரத்தில் செய்ய வேண்டியவற்றை அங்கத்தினர் யாவரும் அறிதல் நலம்.

முதலில் இடத்தைப் பார்க்க வேண்டும். தோல் பதனிடும் தொட்டியிலோ கழிவுநீர்க் குழியிலோ ஒருவர் மயங்கிக் கிடந்தால் உடனே இறங்கலாகாது. நச்சு வாயு இறங்கியவரையும் வீழ்த்தும். தீயணைப்பு நிலையத்துக்குச் செய்தி அனுப்புக.

இடம் பாதுகாப்பானதாயின், தோளைத் தட்டி உரக்க அழைக்கவும். பதில் இல்லையேல் மார்பு ஏறி இறங்குகிறதா என்று 10 விநாடிக்குள் காண்க. மூச்சில்லையேல், அல்லது விட்டுவிட்டுத் திணறினால், நெஞ்சின் நடுவே இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும்.

மூச்சு சீராக இருப்பின், ஒரு நிமிடம் முழுதும் அதை எண்ணுக. ஓய்விலிருக்கும் பெரியவருக்கு 12 முதல் 20 வரை இயல்பு. பின் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக நாடியை எண்ணுக. 60 முதல் 100 வரை இயல்பு. தறியில் இழை அறுந்ததை விரலால் உணரும் நெசவாளருக்கு இது கடினமன்று. இருமலுடன் உள்ள ஒரு வயது முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 40 முறையோ மேலோ மூச்சு விட்டால் நிமோனியா என ஐயுற்று மருத்துவரிடம் விரைக.

தரையில் உறங்குவோரைக் கட்டுவிரியன் இரவில் தீண்டுவதுண்டு. கடித்த வலியே தெரியாதிருக்கலாம். இமை தாழ்தலும் விழுங்க இயலாமையும் அதன் நஞ்சுக்குறிகள். கடிவாயைக் கீறுதலும் இறுகக் கட்டுதலும் தீங்கு. கடிபட்ட உறுப்பை அசைக்காது மருத்துவமனை சேர்க்கவும். அங்கும் எளிய சோதனையொன்று உண்டு: உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்த இரத்தம் 20 நிமிடத்தில் உறையாவிடில், அது விரியன் நஞ்சு இரத்தத்தைக் கெடுத்ததன் அடையாளம்.

எண்ணியதை நேரத்துடன் ஒரு தாளில் குறித்து, சில நிமிடங்களுக்கொருமுறை மீண்டும் எண்ணி, ஊர்தியில் வருவோரிடம் கொடுக்க வேண்டும். நோயாளி தேறுகிறாரா, தளர்கிறாரா என்பதை அத்தாளே காட்டும்.

படித்தறிவது மட்டும் போதாது. கையால் பழக வேண்டும். அடுத்த பொதுக்குழுவுக்கு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை அழைத்துச் செய்துகாட்டச் சொல்வது ஒவ்வொரு சங்கத்துக்கும் இயலும். செலவு சிறிது, பயன் ஓர் உயிராகவும் இருக்கலாம்.